பூராவைக் கூட்டிக்கொண்டு போங்கள்

படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்து லைன் வீட்டில் குடியிருக்கும் சகோதரி எழுதியிருக்கிறார். போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, சமையல்கட்டுச் சுவர் விழுந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அன்றையிலிருந்து தகரத்தில் மழைச் சத்தம் கேட்டாலே தூக்கம் போய்விடுகிறது. இப்போது மேட்டுப்பாளையத்தில் நல்ல வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. தினமும் மலை இறங்கி ஏற வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் கை கால் சில்லிட்டுப் போகிறதாம். ஜெபக் கூட்டத்தில் சொன்னதற்கு, "பயம் அவிசுவாசம், அவிசுவாசம் பாவம்" என்று பதில் வந்திருக்கிறது. "எவ்வளவு ஜெபித்தும் பயம் போகவில்லை. அது போன பிறகு வேலையில் சேரட்டுமா, இல்லை இது கர்த்தருடைய சித்தம் இல்லை என்று விட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

நான் போதகர் இல்லை. 30 வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். சபைப் போதகரான ஐயர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்வேன், அவ்வளவுதான். அதே மலையில், அதே மழையில் இருப்பதால் மட்டும் பதில் சொல்லத் துணிகிறேன்.

முதலில் அந்தப் "பயம் பாவம்" என்கிற பேச்சை முடித்துவிடலாம். அதைச் சொல்கிறவர்கள் வழக்கமாக எடுக்கிற வசனம், "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்." 1 யோவான் 4:18. அதற்கு முந்தின வசனத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் நமக்குத் தைரியம் உண்டாவதைப் பற்றித்தான் யோவான் அங்கே பேசுகிறார். கடவுள் நம்மைத் தண்டிப்பாரோ என்கிற பயத்தை அன்பு தள்ளிவிடும் என்பது அதன் பொருள். மண்மேடு சரிந்து சுவர் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள் மழைக்கு நடுங்குவது வேறு சங்கதி. இன்னும் சிலர் வெளிப்படுத்தல் 21:8-ஐக் காட்டுவார்கள், அக்கினிக் கடலுக்குப் போகிறவர்களின் பட்டியலில் "பயப்படுகிறவர்கள்" முதலில் இருக்கிறார்கள் என்று. அது உபத்திரவம் வந்தபோது உயிருக்குப் பயந்து ஆண்டவரை மறுதலித்த கோழைத்தனம். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பிள்ளைகள் மூச்சு விடுகிறார்களா என்று தொட்டுப் பார்க்கிற ஒரு தாயின் மேல் அந்த வசனத்தை வீசுகிறவரை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தாவீது எழுதியிருக்கிறாரே: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." சங்கீதம் 56:3. பயமும் நம்பிக்கையும் ஒரே வரியில், ஒரே நாளில் இருக்கின்றன. அதற்கு அடுத்த வரியில்தான் "நான் பயப்படேன்" என்கிறார். பெலிஸ்தர் அவரைக் காத்தூரில் பிடித்தபோது பாடியது என்று தலைப்பிலேயே இருக்கிறது. காத்தூரில் அவர் நடந்துகொண்ட லட்சணம் 1 சாமுவேல் 21-இல் இருக்கிறது. தாடியில் எச்சில் வழியவிட்டு, கதவைக் கீறி, பைத்தியக்காரன் போல் நடித்துத் தப்பித்தார். கோலியாத்தைக் கொன்ற அதே ஆள்தான்.

(இடையில் ஒன்று. வேதாகமத்தில் "பயப்படாதே" என்று 365 தடவை வருகிறது, நாளுக்கு ஒன்று, என்று காலண்டரிலும் வாட்ஸப்பிலும் வந்துகொண்டே இருக்கிறது. உட்கார்ந்து எண்ணினால் அந்தக் கணக்கு வராது. நல்ல எண்ணத்தில் யாரோ கிளப்பிவிட்டது. அந்த வார்த்தை ஒரே ஒரு தடவை வந்திருந்தாலும் நமக்குப் போதும்தானே, கணக்கு எதற்கு?)

சரி, கேள்விக்கு வருகிறேன். பயம் போன பிறகு புறப்படலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப் புறப்பட்ட ஒரு ஆளை வேதாகமத்தில் தேடிப் பார்த்தேன். எனக்கு அகப்படவில்லை. அகப்பட்ட ஆட்களில் உங்களுக்கு மிக நெருக்கமானவர், நியாயாதிபதிகள் புஸ்தகத்தில் 6, 7 அதிகாரங்களில் வருகிற கிதியோன்.

இஸ்ரவேலரைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்த மீதியானியருக்குத் தெரியாமல், திராட்சை ஆலைப் பக்கம் ஒளித்து வைத்துக் கோதுமை போரடித்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த ஆளைப் பார்த்து தேவதூதன், "பராக்கிரமசாலியே" என்று கூப்பிடுகிறார். கிண்டலோ என்று தோன்றும். பாகால் என்கிற அந்நிய தெய்வத்தின் பலிபீடத்தை இடிக்கச் சொன்னால், வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து ராத்திரியில் போய் இடித்தார். ராத்திரியில் இடித்தாலும் இடித்தது இடித்ததுதான் என்று கர்த்தர் எடுத்துக்கொண்டார். அப்புறம், ராத்திரி வெளியே போட்டு வைத்த ஆட்டுத்தோல் மட்டும் பனியில் நனைய வேண்டும், சுற்றி நிலம் காய்ந்திருக்க வேண்டும் என்று கர்த்தரிடம் ஒரு அடையாளம் கேட்டார். மறுநாள் அதையே திருப்பிப் போட்டு இன்னொன்று. இவ்வளவும் ஆன பிறகு யுத்தத்துக்கு 32,000 பேர் வந்து நிற்கிறார்கள். பயப்படுகிறவன் எவனோ அவன் திரும்பிப் போகலாம் என்று அறிவிக்கச் சொல்கிறார் கர்த்தர். 22,000 பேர் திரும்பிவிட்டார்கள்.

இதைப் பல வருஷம் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறேன், கவனிக்காமலே. அதே அதிகாரத்தில் ஏழு வசனம் தள்ளி, அதே நாள் ராத்திரி கர்த்தர் கிதியோனிடம் பேசுகிறார்: "போகப் பயப்பட்டாயானால்..." பயந்த 22,000 பேரை வீட்டுக்கு அனுப்பியவர், பயந்த தலைவனை மட்டும் வைத்துக்கொண்டார்! வைத்துக்கொண்டு அவர் சொன்னதைப் பாருங்கள். பயப்படாதே என்று சொல்லவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. போகப் பயமாக இருந்தால், உன் வேலைக்காரன் பூராவைக் கூட்டிக்கொண்டு முதலில் எதிரியின் பாளயத்துப் பக்கம் போய், அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வா என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் இருட்டில் இறங்கிப் போய் ஓரமாக நின்று ஒட்டுக்கேட்டார்கள். உள்ளே எதிரி ஒருவன் தான் கண்ட கெட்ட சொப்பனத்தைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தான். அவர்களுக்கும் பயம்.

சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் இதை வாசித்தபோது "வேலைக்காரனாகிய பூராவும்" என்பதை, நாம் வீட்டில் சொல்கிற "பூரா" என்று நினைத்து, வேலைக்காரர்கள் எல்லாரும் கூடப் போனார்கள் என்றே புரிந்துகொண்டேன். பெரியவனான பிறகுதான் அது ஒரே ஒரு ஆள் என்று தெரிந்தது. அந்த ஆளைப் பற்றி வேதத்தில் வேறு ஒரு வார்த்தையும் இல்லை. பேசினதாக இல்லை, சண்டை போட்டதாக இல்லை. பயந்த ஒருவனோடு இருட்டில் கூட நடந்ததற்காக அவன் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

நம் தமிழில் இதற்கு அருமையான வார்த்தை இருக்கிறது, துணை. லாரி நெற்றியில், பஸ் கண்ணாடியில், கல்யாணப் பத்திரிகை உச்சியில் எல்லாம் பார்க்கிறோம். முருகன் துணை, இயேசுவே துணை, மாதா துணை. யாரும் அங்கே "என் பயத்தை எடுத்துவிடு" என்று எழுதுவதில்லை. கூட வா என்றுதான் எழுதுகிறார்கள். ராத்திரி வெளியே போக வேண்டிய பிள்ளை அம்மாவை எழுப்பி, "துணைக்கு வாம்மா" என்று கேட்கும். இருட்டைப் போக்கு என்று கேட்காது. நீங்கள் இவ்வளவு நாளாக, பயத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று ஜெபித்திருக்கிறீர்கள். அதில் தப்பு இல்லை. ஆனால் 23-ஆம் சங்கீதத்தில் அந்த இடத்தைக் கவனியுங்கள். "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து" என்று அவர், அவர் என்றே போய்க்கொண்டிருந்த பாட்டு, மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று மாறிவிடுகிறது. பள்ளத்தாக்கு அங்கேயேதான் இருக்கிறது, இருட்டும் அப்படியே. யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாரோ அவரோடேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

ஆண்டவரே துணைக்கு ஆள் கேட்டிருக்கிறார். கெத்செமனேயில் "திகிலடையவும் மிகவும் வியாகுலப்படவும்" தொடங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். பேதுரு, யாக்கோபு, யோவான் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போய், இங்கே தங்கி விழித்திருங்கள் என்றார். அவர்கள் தூங்கிவிட்டார்கள், அது வேறு. கேட்டார் அல்லவா?

மலையில் இருக்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கோத்தகிரியில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தேயிலைக் காட்டு வழியாக யார் தனியாக நடக்கிறார்கள்? கரடி நிற்கும், காட்டுமாடு நிற்கும். இரண்டு பேராகப் போவோம், டார்ச் அடித்துக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டு போவோம். எதிரில் மாடு நின்றால் சும்மா நின்று வழி விடுவோம். அதை யாரும் அவிசுவாசம் என்று சொல்வதில்லை. சர்ச்சுக்குள் வந்ததும் மட்டும் ஏன் தனியாக நடந்து காட்டச் சொல்கிறோம்?

2009 நவம்பர் உங்களுக்கு நினைவிருக்கும் வயதுதான் என்று நினைக்கிறேன். அந்த 10-ஆம் தேதியை ஒட்டிப் பெய்த மழையில் ஊட்டிப் பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். குன்னூர் ரோடு பல இடத்தில் அறுந்து தொங்கியது, ரயில் நின்றது. அதற்கு அடுத்த மாதம் என் மனைவிக்குக் கோயம்புத்தூரில் சிகிச்சை. வாரம் ஒரு தரம் இறங்கியே ஆக வேண்டும். நான் பயந்தேன். முன்சீட்டில் உட்கார்ந்து, சரிந்த மண்ணின் செம்மண் காயத்தைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு சங்கீதம் சொல்வேன். சொல்லிக்கொண்டே முன்கம்பியைப் பிடித்திருப்பேன். இறங்கும்போது உள்ளங்கையில் கம்பியின் துரு வாசனை இருக்கும்.

ஒருநாள் வண்டி எடுக்குமுன் டிரைவரைக் கவனித்தேன். ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். உடனே கிளப்பிவிடுவார் என்று பார்த்தால், திரும்ப இறங்கினார். ஒவ்வொரு டயராகக் காலால் தட்டிப் பார்த்தார், பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து ஏதோ பார்த்தார், அப்புறம் ஏறி பிரேக்கை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்த்தினார். "சாமி கும்பிட்டாச்சே, அப்புறம் எதற்கு டயரைத் தட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன். "ரெண்டும் வேணும் சார்" என்றார். மேலே கேட்டால், ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும், நியூட்ரலில் இறங்குகிறவனைச் சாமியும் காப்பாற்றாது என்றார்.

நெகேமியா இதையே எழுதியிருக்கிறார். எருசலேம் மதிலைக் கட்டும்போது எதிரிகள் வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், "எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி" என்கிறார், அதே மூச்சில் இரவும் பகலும் ஜாமக்காரரை வைத்தோம் என்கிறார். 4:9. ஜெபம் பண்ணினோம், ஆகவே காவல் வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை.

ஆகவே உங்கள் வீட்டு விஷயத்தில் காவல் வையுங்கள். ராத்திரிப் பயத்தில் பாதி நியாயமானது. அதை ஜெபத்தால் அமுக்கக் கூடாது, காது கொடுத்துக் கேட்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிற வடகிழக்கு மழைதான் பெரிய மழை, எனவே அதற்கு முன்னாலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. பின்மேட்டில் புதிதாக வெடிப்பு தெரிகிறதா, மரமோ கம்பமோ சாய்ந்திருக்கிறதா, நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இறுகுகிறதா, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் மண் நகர்கிறதற்கு அடையாளம். மேட்டுக்கு மேலே வாய்க்கால் அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். புதிதாகச் சுவர் கட்டுகிறார்கள் என்றால் தண்ணீர் வெளியேற ஓட்டை வைக்கச் சொல்லுங்கள். ஓட்டை இல்லாத சுவர் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு ஒருநாள் மொத்தமாக வரும். கனமழை எச்சரிக்கை வந்தால் அன்று ராத்திரி பிள்ளைகளோடு சொந்தக்காரர் வீட்டிலோ முகாமிலோ படுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077. இவ்வளவும் செய்த பிறகும் மிச்சம் நிற்கிற பயம் ஒன்று இருக்கும். வெயில் காலத்தில், தூறல் சத்தத்துக்குக்கூட உடம்பு எழுந்து உட்காரும். அதுதான் மற்றப் பாதி.

அந்தப் பாதிக்கு மருத்துவரைப் பார்ப்பதிலும் குற்றமில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்டபோது, தேவதூதன் அவரிடம் வேதபாடம் நடத்தவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுத் திரும்பவும் தூங்க விட்டான். இரண்டாம் தரம் எழுப்பிச் சாப்பிடச் சொன்ன பிறகுதான் பிரயாணம். பல மாதமாகத் தூக்கம் இல்லாத உடம்புக்கு விசுவாசத்தைப் பற்றி யோசிக்கத் தெம்பு எங்கே இருக்கும்? அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் இருக்கிற நாளைக் கேட்டுப் போங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இப்போது கர்த்தருடைய சித்தமா இல்லையா என்பது. பயம் வருகிறதே, அதனால் சித்தம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். பயத்தை அடையாளமாக எடுத்தால் இஸ்ரவேலர் எகிப்திலேயே செங்கல் அறுத்துக்கொண்டிருந்திருப்பார்கள். செங்கடல் முன்னால், பார்வோனின் ரதங்கள் பின்னால். ஜனங்கள் அலறுகிறார்கள். கர்த்தர் மோசேயிடம், "நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள் என்று இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லு" என்கிறார். ஜெபத்தையே நிறுத்தச் சொல்கிற மாதிரி இருக்கிறது, இல்லையா? அதற்குப் பின் நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். அதுவரை முன்னால் நடந்து வழி காட்டின மேகஸ்தம்பம் விலகி, அவர்களுக்குப் பின்னால் போய் நின்றது. யாத்திராகமம் 14:19. புறப்படு என்று சொன்ன நேரத்தில், முன்னால் தெரிந்துகொண்டிருந்த ஒரே துணையும் கண்ணுக்கு மறைந்துவிட்டது. முன்னால் தண்ணீர் மட்டும்தான்.

மலை ரயிலில் போயிருப்பீர்கள். 1899-இல் குன்னூர் வரை வந்த வண்டி. கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு 1 அடி ஏற்றம், நடுவில் பல் வைத்த தண்டவாளம். அங்கே எஞ்சின் வண்டியை இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். முன்பெட்டியில் உட்கார்ந்த பிள்ளைகள், எஞ்சினைக் காணோமே, வண்டி எப்படிப் போகிறது என்று கேட்கும். ஏற்றத்தில் எஞ்சின் பின்னால்தான் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று அறுந்தால் பெட்டிகள் உருண்டு போகாமல் தாங்க, அது இறக்கத்துப் பக்கம் நிற்கிறது.

பயத்தோடேயே புறப்பட்டவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. என் அப்பா அம்மாவோடு நான் இலங்கையிலிருந்து வந்தது 11 வயதில். 1964 அக்டோபரில் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் நாங்கள் ஆறு பேர். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அப்பாவுக்குத் தெரிந்தது "நீலகிரி" என்கிற பெயர் மட்டும். ஒரு தகரப்பெட்டி, ஒரு அம்மி. அம்மியை ஏன் தூக்கி வந்தார்கள் என்று பின்னால் கேட்டேன். "பயத்துல எதை எடுக்கிறதுன்னு தெரியல, கைக்கு எட்டினதை எடுத்தேன்" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் அதில்தான் இன்னும் சட்னி அரைக்கிறோம்.

வேலையில் சேரச் சொல்கிறேனா? அதை நான் முடிவு செய்ய முடியாது. உங்கள் வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் நேரம், திரும்பி வருகிற கடைசி பஸ், இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். சேராமல் விட்டாலும் பாவம் இல்லை. திரும்பிப் போன அந்த 22,000 பேரை யாரும் தண்டிக்கவில்லை. முதலில் வந்திருந்த அதே நப்தலி, ஆசேர், மனாசே கோத்திரத்தாரை பிறகு கூப்பிட்டபோது வந்து எதிரியைத் துரத்தினார்கள். ஆனால் முடிவைப் பயம் எடுக்க விடாதீர்கள். முதல் நாளே வேலைக்காக இறங்க வேண்டாம். யுத்தத்துக்கு முன் கிதியோன் பாளயத்தின் ஓரம் வரை போய்ப் பார்த்தார் அல்லவா, அதுபோல் ஒரு தடவை சும்மா இறங்கிவிட்டு வாருங்கள். முடிந்தால் குன்னூர் வழியாகப் போகிற பர்லியாறு ரோட்டில் இல்லாமல் நம் கோத்தகிரி ரோட்டிலேயே, பழகின ரோடு. வழியில் கை சில்லிட்டால் சில்லிடட்டும், அதோடேயே உட்கார்ந்திருங்கள். கூட வருகிறவரிடம் வாய்விட்டு, பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். ஜெபக் கூட்டத்தில் பயம் பாவம் என்று சொன்னவரையே துணைக்குக் கூப்பிட்டாலும் எனக்குச் சம்மதம், அவருக்கும் நல்லது.

யாரும் கிடைக்கவில்லை என்றால், வருகிற செவ்வாய்க்கிழமை நானும் என் மனைவியும் கண் பரிசோதனைக்காக மேட்டுப்பாளையம் இறங்குகிறோம். ஏழு மணி வண்டி. பஸ் ஸ்டாண்டில் ஆறே முக்காலுக்கே போய் மூன்று பேர் சீட்டாகப் பார்த்து துண்டு போட்டு வைக்கிறேன். சன்னலோரம் வேண்டாம் என்றால் நடுவில் உட்காருங்கள், என் மனைவி பேசிக்கொண்டே வருவாள், அவளுக்கு அது கஷ்டமில்லை.